வாளியில் தைல வாசனை

காற்றிலிருந்து பிடித்த தண்ணீருக்கு வாசனை இருக்கக் கூடாது. ஆனால் வெரோனிகா மெஷினிலிருந்து வாளியை உருவி மிளகாய்க் குடிலின் ஓரத்துக் கால்வாயில் சாய்த்தபோது, யூகலிப்டஸ் தைலம் குப்பென்று மூக்கில் ஏறியது. அவள் கணவன் வாலண்டைன் தினமும் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம். மாதக்கணக்கில் அவன் அறையில் ஓடிய மெஷின்தானே, வலையில் வாசனை தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வலையைக் காலையில்தான் சோப்புப் போட்டுக் கழுவினோம் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

மெஷின் செடிகளுக்காக வந்ததல்ல. லோரி ஓட்டிக்கொண்டிருந்த வாலண்டைன் நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு, அறையில் ஈரம் தங்கவே கூடாது, சுவரில் பூசணம் படர்ந்தால் இவருக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதா கோயிலின் ஜெபக் குழுவான அன்பியத்தார் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த காசில் ஈரம் உறிஞ்சும் இந்த மெஷினை வாங்கிவந்து, ஜெபம் சொல்லி, கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார்கள். நேற்று அவன் அசந்து தூங்கிய நேரத்தில் அதைத் திருட்டுப் பூனை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தவள் இவள்தான். மெஷின் ரிப்பேர், கடையில் கொடுத்திருக்கிறேன் என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சரி வெரோ" என்றான். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்டு நிற்கும் இந்தக் குடில்தான் இப்போது இருவருக்கும் சோறு போடுகிறது. பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு இங்கிருந்துதான் மிளகாய் போகும். இங்கே காப்பாரில் ஒரு வாரமாக மழை பிடித்த பிடியில் விடவில்லை. குடிலுக்குள் ஈரம் கட்டிக்கொண்டு, விரிந்த பூவெல்லாம் கொட்டியது. காம்புகளில் சாம்பல் பூசணம் பஞ்சாக ஏறியது. அடி இலைகளைக் கிள்ளினாள், செடிகளை விலக்கி வைத்தாள், காலையில் மட்டும் தண்ணீர் விட்டாள். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. உரக்கடை லோகன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வெளிக் காத்தே நனஞ்சு கெடக்குக்கா. விசிறி போட்டா இன்னும் ஈரத்தத்தான் உள்ள இழுக்கும்லா. காத்துல உள்ள தண்ணிய எடுத்தாத்தான் பூ நிக்கும்."

அவன் போகிற போக்கில் சொன்னான். அவள் கண் அப்போதே வாலண்டைனின் ஜன்னல் பக்கம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

இன்று சனிக்கிழமை. மாலைப் பூசை முடிந்ததும் அன்பியத்தார் அவனுக்காக ஜெபிக்க வருவார்கள். அதற்குள் மெஷின் கட்டிலருகே போயிருக்க வேண்டும். காசு சேர்த்துக் கொடுத்த கிளாரிசா அக்கா அதை மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே பார்த்துவிட்டால், அப்புறம் கோயில் வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

ஆனால் மெஷின் வேலை செய்தது. தொண்ணூறுக்கு மேலேயே நின்ற ஈரமானி முள் மளமளவென்று இறங்கியிருந்தது. இலைகள் நிமிர்ந்திருந்தன. ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள், உதிரவில்லை. அவளுக்கு அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்காகவே அடுத்த நிமிடம் வெட்கமாகவும் இருந்தது.

"வெரோ… கொஞ்சம் தண்ணி."

ஜன்னல் வழியாக வந்த குரல் மெலிந்திருந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சொம்பை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அவன் உதடு வெடித்திருந்தது. அறையில் ஈர வாடையே இல்லை. சுவரின் மூலையில் படர்ந்திருந்த கறுப்புப் பூசணம் காய்ந்து, பொடியாகத் தரையில் கொட்டிக் கிடந்தது.

"மெஷின் இல்லாமலே ரூமு காஞ்சிருச்சு பாத்தியா?" அவன் சிரித்தான். "மாதா பாத்துக்கிட்டாங்க. நீ போய் வேலயப் பாரு."

அவன் சிரித்தபோது கன்னத்துத் தோல் மடிந்தது. சிரித்து முடித்த பிறகும் மடிப்பு அப்படியே நின்றது. இப்போதே போய் மெஷினைத் தூக்கி வந்துவிட வேண்டும் என்றுதான் அவள் குடிலுக்குத் திரும்பினாள்.

வாளி நிறைந்திருந்தது. இப்போதுதானே கொட்டினாள்? கூரைமேல் மழை சடசடவென்று அடிக்க, வானம் இருட்டிக்கொண்டு வர, பிளாஸ்டிக் சுவருக்கு அப்பால் வீடு ஒரு மங்கல் நிழலாகத் தெரிய, அவள் குனிந்து வாளிக்குள் கையை விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு. தெறித்த துளி ஒன்று உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது.

அப்போதுதான் மெஷினின் சத்தத்தைக் கவனித்தாள். ஒரே சீராக ஓடவேண்டியது இழுத்தது, நின்றது, தடுமாறி மறுபடி இழுத்தது. இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு அவளுக்குத் தெரியாதா? இந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வரவில்லை.

நிறுத்தக் கை போனது. அந்த நேரம் பார்த்து, எதிர் வரிசையில் காம்பு காம்பாகப் பிஞ்சு பிடித்திருப்பதைக் கண்டாள். காலையில் வெறும் மொட்டாக இருந்த செடிகள். சும்மா ஏதோ பிரமை, ஈரத்தில் நின்று நின்று தலை சுற்றுகிறது, இன்னும் ஒரே ஒரு வாளி, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். தெரிந்தேதான் நினைத்தாள்.

வாளியைக் கொட்டி மாட்டினாள். நின்றாள். பார்த்தாள்.

நிறைந்தது.

ஜன்னலிலிருந்து குரல் வரவில்லை.

"ஏங்க?"

வாளியை உருவினாள். வாளியை எடுத்தால் மெஷின் தானாக நின்றுவிடும். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. இழுத்தது. நின்றது. இழுத்தது.

கழுத்திலிருந்த செபமாலையைத் தொடக் கை கூசியது. வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்தது. விலக்கினாள். வெயிலில் மறந்துபோன வற்றல் மிளகாய் போல் சுருங்கி, சிவந்து, தோல் எலும்போடு ஒட்டி வாலண்டைன் இருந்தான். முடி தலையணையில் உதிர்ந்து கிடந்தது. கண்கள் மட்டும் ஈரமாக, உயிரோடு, அவளையே பார்த்தன.

வாளியை அவன் வாயருகே சாய்த்தாள். தண்ணீர் உள்ளே போனது. கன்னத்தில், கழுத்தில், தலையணையில் ஊற்றினாள். எல்லாம் பட்ட இடத்திலேயே காய்ந்தது. ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை.

"என்ன மன்னிச்சிருங்க. நான்தான். நான்தான் எடுத்தேன்."

வெளியே காரின் கதவுகள் சாத்தும் சத்தம். குடை விரிக்கும் சத்தம். "வெரோனிகா," கேட்டிலிருந்து கிளாரிசா அக்காவின் குரல், "வாலண்டைன் எப்படி இருக்காரு? மெஷின் நல்லா ஓடுதா?"

வாலண்டைனின் உதடுகள் அசைந்தன. காய்ந்த இலை உரசும் சத்தம். அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"ரிப்பேர்னே… சொல்லிரு வெரோ. நானும் சொல்றேன்."

வாசலில் செருப்புகள் கழன்றன. கதவின் பிடி திரும்பியது. வாலண்டைனின் கண்ணோரத்தில் ஒரே ஒரு துளி திரண்டு நின்றது. கன்னத்தில் இறங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிறுத்தது, இன்னும் சிறுத்தது, இல்லாமல் போனது.

பின்புறம், குடிலின் தரையில், ஒரு சொட்டு விழுந்தது.