பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்

கணினியின் கடிகாரம் மறுபடியும் தவறாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பிற்பகல் மூன்று மணி. திரையின் மூலையில் இரவு பத்து. காலையில்தான் அதைத் திருத்தியிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் கணினிப் பெட்டி பக்கவாட்டு மூடியில்லாமல் படுத்துக் கிடந்தது. மூன்று நாளாக அப்படித்தான். உள்ளே இரண்டு டிஸ்க்குகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் தனியாக இயங்கும் ஒரு சிஸ்டம். மேலே இருந்தது அவளுடையது, அவள் பிழை திருத்தும் பாடப்புத்தகப் பக்கங்களோடு. கீழே இருந்தது இறந்துபோன கணவருடையது. மழை ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக வழிந்துகொண்டிருக்க, மூன்றாவது மாடியின் அந்த இரண்டு அறைகளிலும் ஈரக் காகிதத்தின் வாசனையும் சூடேறிய தூசியின் வாசனையும் பெட்டியின் விசிறி விடாமல் முனகும் ஓசையும்தான் குடியிருந்தன.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்தாள். கணினி பழுதுபார்ப்பது அவன் தொழில்.

"அத்தான் சிஸ்டத்துக்குப் போயிட்டு உன் சிஸ்டத்துக்கு வந்தியா?"

"கடவுச்சொல் கேக்கற இடம் வரைக்கும் போனேன். திரும்பிட்டேன்."

"அதான். ரெண்டு சிஸ்டமும் பெட்டியில இருக்கிற ஒரே கடிகாரத்தைத்தான் பாக்கும். ஆனா ஆளுக்கொரு கணக்கு வச்சிருக்கும். மாமியாரும் மருமகளும் மாதிரி. ரெண்டு பேருமே நான் சொல்றதுதான் சரின்னுவாங்க." அவனே சிரித்துக்கொண்டான். "சரி, உன் சிஸ்டத்தைப் புதுசா போட்டப்போ அத்தான் டிஸ்க்கைக் கழட்டி வச்சியா?"

அவள் கீழ் டிஸ்க்கைப் பார்த்தாள்.

"அக்கா."

"தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சுடா. மாட்டினது மாட்டினபடியே போட்டுட்டேன்."

"போச்சு போ. ஒருத்தர் விடாம எல்லாரும் பண்ற தப்பு. கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கற பகுதி மொத்தமும் அவர் டிஸ்க்குல போய் உக்காந்திருக்கும். இனிமே அத்தான் எழுப்பி விட்டாத்தான் நீ எழுந்திருப்ப." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "மன்னிச்சுக்கோக்கா. வாய் தவறிடுச்சு."

"விடு. அவர் இருந்தப்பவும் அப்படித்தானே."

"நாளைக்கு வந்து பிரிச்சு வைக்கிறேன். அதுவரைக்கும் பயப்படாத. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தூங்கிடும். ஒண்ணுக்கொண்ணு தெரியவே தெரியாது."

அழைப்பு முடிந்ததும் விசிறியின் முனகல் முன்னைவிட உரத்துக் கேட்டது. அன்றைக்கு அவள் பேசிய பேச்சு அவ்வளவுதான். நாளைக்கு அவன் வரும்வரை இனிப் பேச ஆளில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன், ஈரச் சாலையில் கார் சறுக்கியபோது இருவரும் அதில் இருந்தார்கள். அவள் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. அவர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய தொலைபேசி காரோடு நொறுங்கிப்போக, அவர் குரல் மிஞ்சியிருந்தது அந்தக் கீழ் டிஸ்க்கில் மட்டும்தான். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர் அவர். எழுதிய வாக்கியம் வாயில் நிற்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்துப் பதிவு செய்து, பிறகு கண்ணை மூடிக் கேட்பார். சென்ற வாரம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. முகம் வந்தது, இருமல் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. வாயில் நுரையோடு வெகுநேரம் கண்ணாடி முன் நின்றிருந்தாள். அதற்காகத்தான் இந்தப் பெட்டியில் அவர் டிஸ்க்கை மாட்டினாள்.

கணினியை அணைத்து மறுபடி இயக்கினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன, அவளுடைய சிஸ்டம், அவருடைய சிஸ்டம். கீழே பத்து நொடிக்கான எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது வரிக்கு இறங்கித் தட்டினாள். கடவுச்சொல்லை அவள் அறிவாள்; அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

பதிவுகள் ஒரே கோப்புறையில் இருந்தன, நூற்றுக்கணக்கில். பழையதாக ஒன்றைத் திறந்தாள்.

"பம்ப்பை இயக்குவதற்கு முன், வெளியேற்று வால்வு முழுவதும் மூடியிருப்பதை உறுதிசெய்துகொள்ளவும்." கனத்த, கொஞ்சம் மூக்கடைத்த குரல். "மூடியிருந்தா தண்ணி எப்படிய்யா வரும்? எந்தப் புண்ணியவான் எழுதினானோ." பிறகு சற்று உரக்க, "ஏய், அங்க சிரிக்கிறது இங்க கேக்குது."

தூரத்தில், சமையலறையிலிருந்து, அவளுடைய சிரிப்பு.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினான்கு மாதங்களில் முதல்முறையாக வீட்டில் இரண்டு பேர் இருப்பதுபோல் இருந்தது. அதையே நான்கு தடவை கேட்டாள். மழை, விசிறி, அவர் குரல். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, கவலைப்படவில்லை.

கடைசியாக என்ன பேசியிருப்பார் என்று பார்க்கப் பட்டியலைத் தேதி வரிசையில் திருப்பினாள். புதியவை மேலே வந்தன.

விபத்து நடந்த தேதியைத் தேடி இறங்கினாள். வெகுதூரம் இறங்க வேண்டியிருந்தது.

அதற்கு மேலே நாற்பது பதிவுகள் இருந்தன.

கடிகாரக் கோளாறு, என்று சொல்லிக்கொண்டாள். தம்பிதான் சொன்னானே. ஆனால் அது மணிக்கணக்கில் பிசகும். மாதக்கணக்கில் பிசகாது. நடுவில் ஒன்றைத் திறந்தாள்.

"உன் துணியெல்லாம் இன்னிக்குக் குடுத்தனுப்பிட்டேன்." அதே குரல்தான், ஆனால் வறண்டு, தூக்கம் கெட்டு. "அந்த நீல ஸ்வெட்டரை மட்டும் குடுக்க மனசு வரல. பீரோவைக் காலி பண்ண உன் தம்பிதான் வந்தான். பாதியில உக்காந்து அழுதுட்டான், பாவம்."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த நீல ஸ்வெட்டரின் கை.

எழுந்து படுக்கையறைக்குப் போனாள். பீரோவின் கதவு பாதி திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை. உள்ளே வரிசையாக வெறும் துணிமாட்டிகள். ஒரு மாட்டி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் எதையோ கழற்றி எடுத்ததுபோல. அறையில் சவரச் சோப்பின் வாசனை, ஈரமாக, புதிதாக. தலையணையில் ஒரு குழி. அவள் பக்கத்தில் இல்லை. மறுபக்கத்தில்.

திரும்பி வந்தாள். மேசையில் தேநீர்க் கோப்பை இல்லை. அது இருந்த இடத்தில் ஈரவட்டம்கூட இல்லை.

அணைத்துவிடலாம். அணைத்து மறுபடி இயக்கி முதல் வரியைத் தட்டினால் போதும். பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். விரலுக்குக் கீழே அது அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். சுவரை அழுத்துவதுபோல் இருந்தது.

பட்டியலின் உச்சியில் புதிதாக ஒரு பதிவு வந்திருந்தது. இன்றைய தேதி. நேரம் மூன்று ஐம்பது. சுவரைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. இந்தமுறை கடிகாரத்தில் எந்தப் பிசகும் இல்லை.

அது தானாகவே பேசத் தொடங்கியது.

"உன் குரல் ஏதாவது இருக்குமான்னுதான் உன் டிஸ்க்கை மாட்டினேன்." கிசுகிசுப்பாக, மைக்குக்கு மிக அருகில். "உள்ள பாடப்புத்தகப் பக்கங்கள் இருக்கு. நேத்து தேதி போட்டிருக்கு. நேத்து யாரோ உக்காந்து பிழை திருத்தியிருக்காங்க. நீ அடிக்கிற மாதிரியே, ரெண்டு ரெண்டு கோடா." மவுஸ் சொடுக்கும் ஓசை. "உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து பதினாலு மாசம் ஆச்சு. உன்னை நினைச்சு பயப்படுவேன்னு நான் நினைச்சதே இல்ல."

அவர் குரலுக்குப் பின்னால் மழை. விசிறி. அதற்கும் பின்னால் யாரோ வேகமாக மூச்சு வாங்கும் ஓசை. அவள் மூச்சை அடக்கினாள். அந்த ஓசையும் நின்றது.

பதிவு முடியவில்லை. அதன் நீளம் நொடி நொடியாக ஏறிக்கொண்டிருந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள்.

ஒலிபெருக்கியில் நாற்காலி தரையைக் கீறியது.

"யாரது?" என்றார் அவர்.

தொலைபேசியில் தம்பியைத் தேடினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க அத்தான்."

"டேய், நான்டா. அக்காடா."

"அத்தான்? ஒண்ணுமே கேக்கல. மழை இரைச்சல்தான் வருது." வேடிக்கை பேசும் தொனி அவனிடம் துளியும் இல்லை. "நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. இப்ப சொன்னேன்ல, அதைச் செஞ்சிடுங்க. அக்கா டிஸ்க்கைக் கழட்டிடுங்க. உங்க சிஸ்டம் உங்க டிஸ்க்குலதான் ஓடுது, ஓடும்போதே இழுத்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதை வச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா உங்களுக்குத் தூக்கமே வராது."

"டேய், வேணாம்னு சொல்லுடா! அவர்கிட்ட வேணாம்னு சொல்லு!"

"அக்கா போயிட்டா, அத்தான்." அவன் குரல் உடைந்தது. "நாமதான் பழகிக்கணும்."

இணைப்பு அறுந்தது. மழைச் சத்தமும் அறுந்தது. ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஓசையில்லாமல்.

திறந்து கிடந்த பெட்டிக்குள் குனிந்தாள். மேல் டிஸ்க்கின் முனையில் கேபிள். கேபிளைப் பிடித்திருக்கும் சின்ன உலோகக் கொக்கி. அதை உள்ளே அழுத்தினால்தான் கேபிள் வெளியே வரும். வந்தால் அவளுடைய பக்கம் அணைந்துவிடும்.

அதை இரண்டு கைகளாலும் பொத்தினாள். இறுக்கமாக. உள்ளங்கைக்குக் கீழே ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கட்டைவிரல். நகம் ஒட்ட வெட்டிய, அவளுக்கு நன்றாகத் தெரிந்த கட்டைவிரல். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தன் காதிலேயே விழவில்லை.

கொக்கி அழுந்தியது.

கேபிள் ஒரு மயிரிழை வெளியே வந்தது. பிறகு இன்னொரு மயிரிழை.