கடைசி ஆள் முந்தக் கூடாது

ஆரவல்லி மலைப்பாதையின் அடிவாரத்தில் ஒன்பது சைக்கிள்களும் வந்து நின்றபோது விடிந்திருக்க வேண்டிய நேரம்தான். ஆனால் தில்லியின் ஜனவரிப் பனிமூட்டம் வெளிச்சத்தை உள்ளே விடவில்லை. கிட்வாய் நகரிலிருந்து லாரிப் புகையைக் குடித்துக்கொண்டே மிதித்து வந்தவர்கள், மூக்கு ஒழுக, கையுறைக்குள் விரல் மரத்துப்போக, ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்காமல் மலையேற வருகிறவர்களுக்கு மறை கழன்றுதான் இருக்க வேண்டும் என்பது அம்சவேணியின் அபிப்பிராயம். அவளே ஐந்து வருடமாக வருகிறாள் என்பது வேறு விஷயம்.

இன்று அவள் வந்தது மலைக்காக அல்ல, கணவன் ஷங்கருக்காக. அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு அவன் சைக்கிளைத் தொடுவது இதுதான் முதல் தடவை. மெதுவாக ஓட்டலாம், அதிர்ச்சி மட்டும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் 'கடைசி ஆள்' வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைசி ஆள் என்றால் எல்லோருக்கும் பின்னால் வருகிறவர். கூட்டத்தில் யார் ரொம்ப மெதுவோ அவருக்குப் பின்னாலேயே வர வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். என்ன ஆனாலும் அவரை முந்தக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் கூட்டத்தின் தலைவர், ரயில்வேயில் ஓய்வுபெற்ற சேஷன் சார். போன குளிர்காலத்தில் இதே பாதையில் வேறொரு கூட்டத்தின் கடைசி ஆள், தனக்கு முன்னால் போனவர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்து, அவரைத் தேடாமலே முந்திப் போய்விட்டாராம். அந்த மனிதர் போய்ச் சேரவில்லை. பழைய கல் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் கண்டெடுத்தார்கள். அவரும் தமிழர்தான். இரண்டு காலும் பெடலில் பூட்டியபடியே இருந்தன என்று பேசிக்கொண்டார்கள்.

இவர்கள் போடும் காலணி அப்படி. அடியில் ஒரு கொக்கி இருக்கும், பெடலில் வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால் டக்கென்று கழன்றுவிடும்.

"சார், வேணி பின்னாடி வந்தா நான் இடிச்சு விழுந்தாக்கூட திட்டிட்டுதான் தூக்குவா," என்றான் ஷங்கர்.

"செயினுக்கு எண்ணெய் போடுங்கன்னு ஒரு வாரமா கத்துறேன். அதைச் செஞ்சீங்களா நீங்க?"

"போட்டாச்சு மகாராணி."

"வேணிம்மா, மேல டீக்கடையில பார்க்கலாம். பாதை நேரே போறது. எங்கயும் திரும்பப்படாது," என்றார் சேஷன் சார். "அச்சா, கிளம்புங்கோ."

ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கீக்கர் முள்மரங்கள். முன்னால் ஷங்கரின் சிவப்புப் பின்விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு போயிற்று. நடுவழியில் நீல்காய் மான்களின் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. அம்சவேணி பிரேக் போட்டு நின்றாள். குதிரை உயரத்துக்கு ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின. எல்லாம் போன பிறகு மறுபடி மிதித்தாள். சற்றுத் தூரத்தில் அதே சிவப்பு விளக்கு தெரிந்தது.

கூடவே ஒரு சத்தம்.

கீச்... கீச்... கீச்.

'போட்டாச்சு மகாராணியாம்! பொய்யைப் பாரு!' என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்தொடர்ந்தாள். பாதை பிரியும் இடத்தில் விளக்கு இடப்பக்கம் திரும்பியது.

"என்னங்க! அந்தப் பக்கம் இல்லங்க! நேரா!"

விளக்கு நிற்கவில்லை. கம்பளிக் குல்லாய்க்குள் காது கேட்கவில்லை போலிருக்கிறது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷனைத் தனியே விட முடியுமா? அவளும் இடப்பக்கம் திரும்பினாள். தார் முடிந்து ஜல்லி வந்தது. ஈரக் கல்லும் பாசியும் சேர்ந்த வாடை அடித்தது. அவள் வேகம் கூட்டினால் விளக்கும் கூட்டியது. அவள் தளர்ந்தால் அதுவும் தளர்ந்தது.

காதில் மாட்டியிருந்த ப்ளூடூத் ஒலித்தது.

"வேணி, எங்க இருக்க? நாங்க எல்லாம் டீ குடிக்கிறோம்."

ஷங்கரின் குரல்.

அவள் முன்னால் போகும் விளக்கைப் பார்த்தாள். "நீங்க... நீங்க அங்கயா இருக்கீங்க?"

"பின்ன? நீல்காய் போனதும் நீ வந்துருவன்னு நினைச்சேன். செயின் என்னமா ஓடுது தெரியுமா? சத்தமே இல்ல."

கீச்... கீச்... கீச்.

அழைப்பு அறுந்தது. அம்சவேணி பிரேக்கை இறுகப் பிடித்தாள். நின்றால் விழாமல் இருக்கக் காலை ஊன்ற வேண்டும். குதிகாலை வெளியே திருப்பினாள்.

கழலவில்லை.

மற்றக் காலைத் திருப்பினாள். அதுவும் அசையவில்லை. சைக்கிள் சாயத் தொடங்கியது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள். எப்படியோ ஜல்லியில் அரைவட்டம் அடித்துத் திரும்பி, வந்த வழியே ஓட்டினாள். முருகா, முருகா என்று வாய் தானாகச் சொன்னது.

முன்னால் பனிக்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது.

இன்னொரு முறை திரும்பினாள். அந்தப் பக்கமும் முன்னால்தான் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் அவள் அதற்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தாள். முள்மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. கால் பெடலோடு, பெடல் சைக்கிளோடு, சைக்கிள் அந்த விளக்கோடு. உதறிவிட்டு ஓடக்கூட வழியில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

பாசி வாடை குமட்டும்படி ஏறியது. சக்கரத்தில் தெறித்த ஒரு கல் உருண்டு போய், வெகு கீழே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

குவாரி.

விளக்கு இப்போது மிக மெதுவாகப் போயிற்று. அவளுக்கு முன்னால் குனிந்த ஒரு முதுகு தெரிந்தது. ஈரம் சொட்டும் முதுகு. காலணிகளிலிருந்து பாசி நூல்நூலாகத் தொங்கியது. கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன, கழற்ற முடியாத கால்கள்.

பின்னால் வந்தால்தானே இழுத்துக்கொண்டு போகும்?

அவளுக்கு அந்த ஒரு யோசனைதான் வந்தது. கடைசி ஆள் செய்யவே கூடாததை அம்சவேணி செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வலப்பக்கம் முள் கிழிக்கக் கிழிக்க, எழுந்து நின்று மிதித்து அதை முந்தினாள்.

காதோரம் குளிர்ந்த மூச்சு பட்டது.

"விட்டுட்டுப் போறீங்களா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜல்லி முடிந்து மறுபடி தார் வந்து, ஏற்றத்தில் டீக்கடை தெரியும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

டீக்கடை வாசலில் தார்ச்சாலையில் விழுந்தபோதுதான் இரண்டு காலும் டக்கென்று கழன்றன. முழங்கால் கிழிந்திருந்தது. ஷங்கர் ஓடி வந்தான். அவன் முகம் வெளுத்து, கை தானாக நெஞ்சுக்குப் போவதை அவள் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு? சொல்லு!"

சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லங்க. பனியில வழி தப்பிட்டேன். விழுந்துட்டேன், அவ்வளவுதான்."

கடைக்காரர் இஞ்சி டீயை நீட்டி, "பீலோ, தீதி" என்றார். அவள் அதை வாங்கிக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு சேஷன் சாரிடம் போனாள்.

"போகும்போது என்னால கடைசி ஆளா வர முடியாது, சார். எல்லாரும் ஒண்ணாவே போயிரலாம். கடைசி ஆளே வேண்டாமே!"

"அதெப்படி, சட்டம் சட்டம்தானே? நீ ஷங்கரோட முன்னால போ. நான் வரேன் கடைசில," என்றார் சேஷன் சார்.

அவரைத் தனியே இழுத்துச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஷங்கர் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். இறக்கம்தானே, நேர்ப்பாதைதானே, வெயில் வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வெயில் வரவில்லை.

இறங்கும் வழியெல்லாம் அவள் ஷங்கரின் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் செயின் சத்தமில்லாமல் ஓடியது. அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சேஷன் சாரை மட்டும் காணவில்லை. வயசாச்சு, மெதுவாகத்தான் வருவார் என்றார்கள். ஷங்கர் அவளுக்குப் பக்கத்தில் நின்று கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

அம்சவேணி ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"வந்துண்டே இருக்கேன்மா." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ கவலைப்படாதே. உன் ஆத்துக்காரர் எனக்கு முன்னாலதான் போறார். பாவம், ரொம்ப மெதுவா மிதிக்கறார். ஏதோ குறுக்குவழி போல, ரைட்ல ஜல்லிப் பாதையில திரும்பியிருக்கார். நான் விடமாட்டேன், பத்திரமா கூட்டிண்டு வந்துடறேன்."

அம்சவேணி பக்கத்தில் நின்ற ஷங்கரைப் பார்த்தாள். அவன் என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

"சார்! அது அவர் இல்ல சார்! முந்துங்க! அதை முந்திட்டு வந்துருங்க, சார்!"

ஃபோனில் கீச்... கீச்... என்று கேட்டது. பிறகு சேஷன் சார் சிரித்தார்.

"என்னம்மா நீ, கடைசி ஆள் எங்கயாவது முந்துவானோ?"