எல்லை தாண்டிய கூடை

விடுதி அறையில் அப்பா கூடையைத் திறந்தார். திறந்த வேகத்தில் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றார்.

கூடைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை எட்டிப் பார்த்தது.

அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தம்பி சுண்டுவின் வாயிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது. ரேடியோ மட்டும், "பூனை! நிஜப் பூனை!" என்று கத்தினாள்.

ரேடியோ என்பது சுண்டுவின் அக்காவுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். காலையில் கண்ணைத் திறந்ததும் பேச ஆரம்பித்தால், தூங்கும்வரை நிறுத்த மாட்டாள்.

"நான் சொன்னேன்ல!" என்று சுண்டு குதித்தான். "கார்ல மியாவ்னு கத்தினது நான் இல்லைன்னு சொன்னேன்ல! யாராவது நம்பினீங்களா?"

யாரும் நம்பவில்லைதான். ஆடு, மாடு, நாய், பூனை எதைக் கேட்டாலும் அதைப் போலவே கத்துவான் சுண்டு. வழியெல்லாம் 'மியாவ்' என்று கேட்டபோது அம்மா அவனை அதட்டினாள். ரேடியோ தலையில் ஒரு குட்டு வைத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிட்டது.

"இது எப்படிங்க கூடைக்குள்ள வந்துச்சு?" என்றாள் அம்மா.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் கட்டிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. கண்ணாடிக் கோப்பையைக் கட்டிக் கொடுத்தாலும் ஒரு கீறல் விழாது. "நான் கட்டின பெட்டிக்குள்ள எறும்புகூட நுழையாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். எறும்பு நுழையவில்லை. பூனை நுழைந்துவிட்டது.

காலையில் எல்லையைத் தாண்டியதும், அந்தப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு பெஞ்சில் பரப்பினார். சோதனை முடிந்ததும் மளமளவென்று திரும்ப அடுக்கினார்.

"கடைசியா கூடையை மூடும்போது மேல சுண்டுவோட கம்பளி தெரிஞ்சுது," என்று அப்பா கட்டில் மேலிருந்தே சொன்னார். "சாம்பல் கலர்ல, புசுபுசுன்னு. உள்ள அமுக்கி மூடினேன். கொஞ்சம் சூடாத்தான் இருந்துச்சு. வெயில்ல கிடந்துச்சேன்னு நினைச்சேன்."

"அது பூனைங்க!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ என் கம்பளி எங்க?" என்று கேட்டான் சுண்டு.

அந்தக் கம்பளி இல்லாமல் சுண்டு ஒரு நாளும் தூங்கியதில்லை. துவைக்கக்கூடத் தர மாட்டான். அவசரமாகப் பூனையை இறக்கிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். துண்டுகள் விழுந்தன, மணல் வாளி விழுந்தது, கம்பளி விழவில்லை. சுண்டுவின் உதடு பிதுங்கியது.

சத்தம் கேட்டு விடுதிக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"பூனைதானே? வாசல்ல விட்டுடுங்க. இங்க மீனுக்கா பஞ்சம்? ராஜபோகமா இருக்கும்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படியே செஞ்சிடுவோம். எல்லாரும் கிளம்புங்க, கடலுக்குப் போகலாம். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கிளம்பணும், ஞாபகம் இருக்கட்டும்."

கடல்! ரேடியோ அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். தூரத்தில் அது இரைவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவள் ஒரு காலில் செருப்பை மாட்டினாள்.

மறுகாலில் மாட்டுவதற்குள் பூனை கதவைப் பிறாண்டிக் கத்தியது. சுண்டு நீட்டிய பிஸ்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு ஓடியது, மறுபடி கதவுக்கு ஓடி வந்தது. ரேடியோ அதைத் தூக்கினாள். வயிற்றைத் தாங்கிய உள்ளங்கை ஈரமானது.

"அம்மா, இங்க பாரு. பால்!"

அம்மா குனிந்து பார்த்துத் திடுக்கிட்டாள். "ஐயையோ! இது குட்டி போட்ட பூனை!"

ரேடியோவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. சாவடியில் மீசைக்கார அதிகாரியின் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதிலிருந்து 'கீச் கீச்' என்று சத்தம் வந்தது. ஏதோ மெஷின் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"சாவடியில கீச் கீச்னு கேட்டது மெஷின் இல்லப்பா, குட்டிங்க! காலையிலிருந்து பால் இல்லாம கிடக்கும்பா! நாம திரும்பிப் போகணும்."

அப்பா கட்டிலிலிருந்து இறங்கினார். "போயிட்டு வர்றதுக்குள்ள இருட்டிடும்மா. அப்புறம் கடலை எங்க பார்க்கிறது? நீதானே வருஷம் பூரா கடல், கடல்னு உயிரை வாங்கினே?"

ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை விட்டால் அடுத்து எப்போது வருவார்களோ! அவள் பூனையைப் பார்த்தாள். பூனை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கடல் எங்கயும் போயிடாதுப்பா," என்றாள். "குட்டிங்க பசி தாங்காது." சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

அப்பா துண்டுகளையும் மணல் வாளியையும் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டு கார் சாவியை எடுத்தார்.

காரில் பூனை ரேடியோவின் மடியில் இருந்தது.

"சாரிடா சுண்டு. சும்மா குட்டிட்டேன். வேணும்னா நீயும் ஒண்ணு குட்டிக்கோ."

வேண்டாம் என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் நங்கென்று ஒன்று வைத்தான்.

சாவடிக்குள் நுழைந்ததும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காலையில் சிரிக்கவே சிரிக்காத அந்த மீசைக்கார அதிகாரி, தொப்பியைக் கழற்றிவிட்டு மேஜைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பாலில் நனைத்த துணி. குட்டிகள் அதைச் சீண்டவே இல்லை போலும், மனிதர் அழாத குறையாக இருந்தார்.

பூனையைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் மேஜையில் இடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! எங்கடி போனே? தினமும் அம்பது தடவை எல்லையைத் தாண்டுவா சார், கேட்பாரே கிடையாது. ஆனா கார்ல போனது இதான் முதல் தடவை!"

அப்பா கூடையைப் பற்றி விளக்கி முடிப்பதற்குள் பூனை பெட்டிக்குள் பாய்ந்தது. 'கீச் கீச்' அடங்கி, 'சப் சப்' என்று பால் குடிக்கும் சத்தம் கேட்டது. ரேடியோ எட்டிப் பார்த்தாள். குட்டிகளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில், புசுபுசுவென்று...

"என் கம்பளி!" என்றான் சுண்டு.

"உன்னுதா தம்பி?" அதிகாரி சங்கடப்பட்டார். "பெஞ்சுல கிடந்துச்சு. குட்டிங்க நடுங்குச்சுங்க, அதான் போட்டேன். இரு, எடுத்துத் தர்றேன்."

அவர் குனிந்தார். அம்மா காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானாள். கம்பளியை வேறு யாராவது தொட்டாலே சுண்டு ஊரைக் கூட்டிவிடுவான்.

சுண்டு உதட்டில் விரலை வைத்தான்.

"உஷ்! எடுக்காதீங்க மாமா. அதுங்களே வச்சுக்கட்டும்."

அம்மா பதறிப்போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை.

அப்பா காரை விரட்டிக்கொண்டு வந்தார். விடுதிக்குப் போகாமல் நேரே கடற்கரையில் நிறுத்தினார். வானத்தில் கொஞ்சமே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

அது போதுமானதாக இருந்தது. ரேடியோ கடலைப் பார்த்தாள். இத்தனை தண்ணீரா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஓர் அலை வந்து அவள் காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"என்னம்மா, ரேடியோவுல சத்தத்தையே காணோம்?" என்றார் அப்பா.

பிறந்ததிலிருந்து முதல் முறையாக ரேடியோவுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அப்போது பின்னால் கேட்டது.

'மியாவ்!'

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பாய்ந்து போய்க் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். துண்டுகளும் மணல் வாளியும்தான் விழுந்தன.

சுண்டு மணலில் விழுந்து புரண்டு சிரித்தான்.

"இந்தத் தடவை நான்தான்!"