தொண்டை கட்டிய புலி

“எப்பப் பார்த்தாலும் குப்பைக்கூடையில தலையை விட்டுக்கிட்டு என்னடி தேடறே?” என்று ஒருநாள் அப்பா அவளைக் கேட்டார்.

“தொப்பிப்பா.”

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரே தொப்பி ஆகிவிட்டது.

அப்பாவுக்கு ஸ்பீக்கர் பழுது பார்க்கும் வேலை. ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவிலும் கறுப்பாக ஒரு காகிதக் கூம்பு இருக்கும். அது அதிர்ந்தால்தான் சத்தம் வரும். கிழிந்த கூம்பை அப்பா பிளேடால் வெட்டி எடுத்துக் குப்பையில் போடுவார்; புதியதை ஒட்டுவார். குப்பையில் விழுந்ததை அவள் எடுத்துக் கவிழ்ப்பாள். உச்சியில் இருக்கும் ஓட்டையை ஒரு பொத்தானால் மூடுவாள். தொப்பி தயார்!

கடையில் எப்போதும் ஒரே ராக் குழுவின் பாட்டுத்தான் ஓடும். அப்பா அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்தே அவர்களுடைய ரசிகர். ‘நம்ம பசங்க’ என்றுதான் சொல்வார். அந்தப் பசங்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.

“அந்த கிட்டாரைக் கேளேன். தொண்டை கட்டின புலி மாதிரி இல்ல?”

“பாவம்ப்பா, இருமல் மருந்து கொடுக்கலாம்.”

“கொடுத்தா உதைப்பேன்! அந்தக் கரகரப்புதான் உயிரே. எப்படி வரவழைக்கறாங்கன்னு எனக்கே இன்னும் பிடிபடல” என்பார் அப்பா.

நம்ம பசங்க தங்கள் கடைசிக் கச்சேரியை வாசிக்க, அப்பாவும் அவளும் இருந்த ஊருக்கே வந்தார்கள். கச்சேரிக்கு முதல் நாள், ஓர் உதவியாளர் மூச்சிரைக்க ஒரு பெரிய பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தார்.

“கிட்டார்காரரோட ஸ்பீக்கர். ஒரு வயர் விட்டுப்போச்சு. அதை மட்டும் பத்த வச்சிடுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கறோம்.”

அப்பா கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பெட்டியைத் தொட்டார். பின்பக்கத்தைத் திறந்தவர் பதறிப்போனார்.

“அடக் கொடுமையே! கூம்பு இப்படியா கிழிஞ்சு கிடக்கும்?”

“வயரை மட்டும்தானேப்பா பாக்கச் சொன்னாங்க?”

“கண்டவங்களுக்கெல்லாம் புதுசு ஒட்டறேன். நம்ம பசங்களுக்குக் கிழிசலையா கொடுத்தனுப்புவேன்? இது என்னோட பரிசுடி.”

இருப்பதிலேயே நல்ல கூம்பை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். பழையது குப்பைக்குப் போனது. வழக்கம்போல அங்கிருந்து அவள் கைக்கு வந்தது.

மறுநாள் காலையிலிருந்து அப்பா கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார். “வணக்கம் சார்! சின்ன வயசுலேர்ந்து உங்க பாட்டுதான் சார் எனக்கு...”

உதவியாளரோடு கிட்டார்காரரே வந்து நின்றபோது, “வா... வயர்... உக்காருங்க” என்பதுதான் வாயில் வந்தது.

கிட்டார்காரர் தலை பஞ்சாய் வெளுத்திருந்தது. தோளில் கிட்டார். புன்னகையோடு அதன் வயரைப் பெட்டியில் செருகி, ஒரு தந்தியை மீட்டினார்.

கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர் போலச் சுத்தமாக ஒலித்தது.

அவர் மறுபடி மீட்டினார். புன்னகை மறைந்தது. அப்பாவின் முகமும் வெளிறியது. புலி எங்கே?

“தம்பி, உள்ளே இருந்த பேப்பர் எங்கே?”

“கிழிஞ்சிருந்துது சார். மாத்திட்டேன்.”

கிட்டார்காரர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

“முதல் கச்சேரி அன்னைக்கு எங்க டிரம்ஸ்காரனுக்கும் எனக்கும் சண்டை. கோவத்துல இந்தப் பெட்டியை ஒரு உதை விட்டான். வேற பெட்டி இல்லாம கிழிசலோடயே வாசிச்சோம். ஜனங்க எழுந்து நின்னு ஆடினாங்க. அதுலேர்ந்து அதைத் தொடவே இல்ல.” பெட்டியின் மேல் கையை வைத்தார். “அவன் போன வருஷம் போயிட்டான். மேடையில அவன் சத்தம்னு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான்.”

“என் கையாலயே கெடுத்துட்டேனே” என்றார் அப்பா.

அவள் உள்ளே ஓடி, தொப்பியோடு திரும்பி வந்தாள். உச்சியில் சிவப்புப் பொத்தான்.

“இதாம்ப்பா அது.”

“இனிமே ஒட்ட முடியாதும்மா. வெட்டி எடுத்தாச்சு.”

“ஒட்ட வேணாம். கிழிசல் இதுல அப்படியே இருக்கே. பார்த்துப் பார்த்து, புதுசையும் இதே மாதிரி கிழிங்க.”

அப்பா கிட்டார்காரரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

அப்பா பழைய கூம்பைப் புதியதன் மேல் பொருத்தி, கிழிசல் ஓடிய வழியெல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். பிளேடை எடுத்தார். இத்தனை வருடம் ஒட்டிய கை அது. நல்ல கூம்பை ஒருநாளும் கிழித்ததில்லை.

வெட்டினார். கிட்டார்காரர் மீட்டினார். ம்ஹூம்.

“உதைச்சுக் கிழிஞ்சதுல்ல? ஓரம் பிசிறு பிசிறா இருக்கு பாருங்க” என்றாள் அவள். வெட்டிய ஓரங்களை விரலால் மெல்லப் பிய்த்துப் பிய்த்து விட்டாள்.

இப்போது ஸ்பீக்கர் கரகரத்தது.

எல்லோரும் காதைச் சாய்த்துக் கேட்டார்கள். கரகரப்பு இருந்தது. ஆனால் இது வேறு கரகரப்பு.

“கிட்டத்தட்ட வந்துடுச்சு” என்றார் கிட்டார்காரர்.

“புலிக்குட்டி” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

“பரவாயில்ல தம்பி. குட்டியை வச்சுச் சமாளிப்போம். கச்சேரிக்கு வராம இருந்துடாதே” என்று அப்பாவின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

உதவியாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கண்ணாடி முன் பழகிய பேச்சில் ஒரு சொல்கூட அப்பாவுக்கு நினைவில்லை. “மன்னிச்சிடுங்க சார்” என்றார், அவ்வளவுதான்.

கிட்டார்காரர் வாசல்வரை போய் நின்றார். பழைய கூம்பு இன்னும் மேசைமேல் இருந்தது. அவர் அதைக் கேட்கத் தயங்குவது அவளுக்குப் புரிந்தது. எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

“உங்களுக்குத்தான். பொத்தானைப் பிச்சிடட்டுமா?”

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு கைகளாலும் அதை வாங்கி, தன் வெள்ளைத் தலையில் வைத்துக்கொண்டார். கிழிசல் முன்பக்கம் வரும்படி ஒருமுறை திருப்பி வைத்தார். பிறகு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.