ஓடெல் சொல்லி முடித்த ஜோக்

அக்டோபர் முப்பது, மாலை ஏழரை. நடைபாதையில் ஓடெலின் விண்வெளி வீரர் உடுப்பு மல்லாந்து கிடந்தது. தலைக்கவசத்துக்குள் தலை இல்லை. ஒரு பூசணிக்காய் இருந்தது. மாரென் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. மெல்ல மூச்சும் விட்டது.

"ஓடெல்தான்டா," என்றாள். பக்கத்தில் நின்ற க்ரேடி, சாப்பாட்டு ராமன், மிட்டாய் மெல்வதையே நிறுத்திவிட்டான்.

அவனைத் தனியே விரட்டியதே மாரென்தான். அமெரிக்காவின் டெமாயின் நகரத்தில் ஹாலோவீன் மிட்டாய் சும்மா கிடைக்காது. முந்தின நாளே வாசல் வாசலாகப் போய் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் கொடுத்தே ஆகவேண்டும். சூனியக்காரியே ஆனாலும் இந்த முறையை மீற முடியாது என்பது பிள்ளைகள் பேச்சு. ஓடெல் அன்று காலையில் சொந்தமாக ஒன்று கட்டியிருந்தான், பேய்வீட்டுக்குள் நுழையப் பயந்த எலும்புக்கூட்டைப் பற்றி. பாதி சொல்வதற்குள் தானே விழுந்து விழுந்து சிரிப்பான். ஒரு வாசலிலும் முடித்தபாடில்லை. கூட்டாளிகளுக்கே முடிவு தெரியாது. "சொல்லித் தொலை, இல்லேன்னா தனியாப் போ" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவனும் போய்விட்டான்.

எட்டு மணிக்கு வாசல் விளக்குகளை அணைப்பார்கள். அணைந்த வாசலில் எதுவும் கேட்க முடியாது. அதற்குள் இதைச் செய்தவரைக் கண்டுபிடித்து ஓடெலைக் கேட்டு வாங்காவிட்டால் பூசணிக்காய் பூசணிக்காய்தான்.

தெருவின் அந்தக் கோடியில் விளக்கெரிந்தவை மூன்றே வீடுகள். முதல் வீட்டில் டெக்சஸிலிருந்து புதிதாகக் குடிவந்த ஹாகன் அம்மா. ஜோக்கே கேட்காமல் ஓடெலுக்கு ஒரு கை மிட்டாய் அள்ளிப் போட்டு அனுப்பினாராம். செய்தது இவர்தான் என்று க்ரேடி அடித்துச் சொன்னான். ஊர் வழக்கம் தெரியாதது ஒரு குற்றமா என்று மாரென் அவனை அடக்கினாள்.

அடுத்தது பஸ் டிரைவர் குபிசெக். பையன் சிரித்த சிரிப்பில் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டதாம். அந்த எலும்புக்கூடு கடைசியில் என்னதான் ஆச்சு என்று அவரே இவளிடம் கேட்டார்.

மூன்றாவது வீடு பள்ளிக்கூட நூலகர் மிஸ் ப்ரெவிட்டுடையது. போன குளிர்காலத்தில் தங்கை செத்துப்போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வந்தான் கண்ணு. அழகா சொன்னான். எலும்புக்கூடு ஏன் உள்ள போகலை? உள்ள ஒரு நாய் இருந்துச்சாம். நாய் பேரு மாரெனாம்."

க்ரேடி பக்கென்று சிரித்துவிட்டான். மாரென் சிரிக்கவில்லை.

"முழுசா சொன்னானா, மிஸ்?"

"ஒரு வார்த்தை விடாம."

"சிரிக்காமலா?"

மிஸ் ப்ரெவிட்டின் கை கதவுப் பிடிக்குப் போனது.

"குபிசெக் அங்கிள் வீட்டுல தண்ணி குடிச்சும் அடங்கலை. சிரிப்பு இருக்குற வரைக்கும் ஓடெலால இதை முடிக்கவே முடியாது. உங்க வாசல்ல முடிச்சிருக்கான்னா, அதுக்கு முன்னாடியே சிரிப்பை எடுத்துட்டீங்க. வெளிய சொல்லிடுவான்னு ஆளையும் பூசணிக்காயா மாத்திட்டீங்க."

மிஸ் ப்ரெவிட் மறுக்கவில்லை. "வீடு ரொம்ப அமைதியா இருக்கு மாரென். என்னால தாங்க முடியலை."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாரென் மிட்டாய்ப் பையை விரித்து நீட்டினாள். "பூசணிக்காய் எப்ப சிரிக்கும்? யாராவது கத்தியால வாயைக் கிழிச்சா."

"படு மோசமான ஜோக்."

"ஜோக் ஜோக்குதான். ஓடெலைக் குடுங்க."

"ஒரு ஜோக்குக்கு ஒண்ணுதான் தருவேன். ஆளு வேணுமா, சிரிப்பு வேணுமா?"

"ஆளு."

க்ரேடி அவசரமாக மிட்டாயை விழுங்கி அடுத்த ஜோக்குக்கு வாயைத் திறந்தான். மணி எட்டு. வாசல் விளக்கு அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

நடைபாதையில் ஓடெல் தலைக்கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மாரென் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று சாதாரணமாகக் கேட்டான்.

அப்போது இருண்ட வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. மூச்சு முட்ட முட்ட, விக்கி விக்கி. க்ரேடி தலையைக் குனிந்துகொண்டான்.

ஓடெல் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"யாருடி அது, இவ்ளோ சந்தோஷமா?" என்றான்.