மூடாமல் விட்ட கறுப்புத் திரை

திங்கள், காலை 9.10.

நாரங்ஹால் ஆற்றில் அதுவரை ஐந்து உடல்கள் கிடைத்திருந்தன. ஞாயிறு மதியம் 2.40-க்கு நீர்மட்டம் 6.1 மீட்டரைத் தொட்டது. 5.7-ஐத் தாண்டினாலே வெள்ள எச்சரிக்கை நிலையத்துக் கம்ப்யூட்டர் தலைமை இன்ஜினியரின் போனுக்குச் செய்தி அனுப்பும். அவர் அபாயச் சங்கு ஊதச் சொல்ல வேண்டும். சங்கு ஊதவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒத்தீலியா பராவோனா நிலையத்துக்குள் நுழையும்போதே தலைமை இன்ஜினியர் எவேலியோ புஸ்தீயோ குற்றவாளியையும் ஆதாரத்தையும் தயாராக வைத்திருந்தார். இந்தச் சுறுசுறுப்பு ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

"ஃபைலைப் பாருங்க மேடம். 5.7 இருக்க வேண்டிய இடத்துல 7.5. இந்தப் பொண்ணு எழுதினது. கடைசியா மாத்தினது வெள்ளி காலை பத்து மணின்னு தேதியும் இருக்கு. நேத்து பூரா போன் என் கையிலதான் இருந்துது. ஒண்ணும் வரலை."

புரோகிராம் எழுதும் நெரேய்டா மெஹீயா சுவரோரம் நின்றாள். இறந்த ஐவரில் ஒருத்தி அவளை வளர்த்த சித்தி.

"நான்தான் மாத்தி அடிச்சிருப்பேன்," என்றாள். "சித்தியை நானே கொன்னுட்டேன்."

ஒத்தீலியா கம்ப்யூட்டர் பக்கம் போனாள். அதில் ஒரு கறுப்புத் திரை திறந்திருந்தது. மேலே ஒட்டிய சீட்டில், 'மூடாதீர்கள். நெரேய்டா.'

"இது எதுக்கு?"

"பைத்தான் மேடம், புரோகிராம் எழுதற மொழி. ஃபைல்ல எழுதி வெச்சதை இங்க கூப்பிட்டு ஓட விடுவேன். இது மூடினா எல்லாம் நின்னுடும்."

"எப்பத் திறந்தே?"

"வெள்ளி பதினோரு மணிக்கு."

"அப்புறம் ஃபைல்ல நம்பரை மாத்தினா?"

"இதுக்குத் தெரியாது. கூப்பிடறப்போ ஒரு தடவை படிக்கும், அதையே மனசுல வெச்சுக்கும். மூடித் திறக்கிற வரைக்கும் பழசுதான்."

ஒத்தீலியா இன்ஜினியரிடம் திரும்பினாள். "சனி, ஞாயிறு சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான். ஆனா இந்தப் பக்கமே வரலை."

"நெரேய்டா, நேத்தைய உயரத்தை இதுல அடி."

அவள் 6.1 என்று அடித்தாள்.

இன்ஜினியரின் சட்டைப்பையில் போன் அலறியது.

ஒத்தீலியா அதை எடுத்துப் படித்தாள். "வெள்ள அபாயம், 6.1 மீட்டர். வெள்ளி பத்து மணிக்கே ஃபைல்ல 7.5 இருந்திருந்தா, பதினொண்ணுக்குத் திறந்த இது அதைத்தான் படிச்சிருக்கும், இப்ப வாயே திறந்திருக்காது. நம்பர் மாறினது அதுக்கப்புறம். நேத்து 2.40-க்கு இதே செய்தி உங்களுக்கு வந்துது. எங்கய்யா இருந்தீங்க?"

புஸ்தீயோ உட்கார்ந்துவிட்டார். "ஸ்டேடியத்துல. போன வாரம் ரெண்டு தடவை சும்மா அடிச்சுதுன்னு..."

"சத்தத்தை நிறுத்திட்டு மேட்ச் பாத்தீங்க. அப்புறம் வந்து செய்தியை அழிச்சு, கம்ப்யூட்டர் கடிகாரத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி, நம்பரை மாத்தினீங்க. எல்லாத்தையும் தொட்டீங்க, மூடாதேன்னு எழுதியிருந்த இதைத் தவிர. அவ வேலை செய்யறதை ஒரு நாளாவது பக்கத்துல நின்னு பாத்திருந்தா இதையும் மூடியிருப்பீங்க."

9.50. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"உன் மேல தப்பில்லை மகளே. உன் புரோகிராம் சரியாத்தான் கத்திச்சு," என்றாள் ஒத்தீலியா.

"என் தப்பாவே இருந்திருந்தா தேவலை மேடம். என்னை நானே திட்டிக்கிட்டுக் கிடந்திருப்பேன்." நெரேய்டா வாசலில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்தாள். "அந்த மேட்ச்சுல யார் ஜெயிச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரும் ஜெயிக்கலைம்மா. கோலே விழலை."