கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசிய கை

அசையக்கூடாது என்று சொல்லித்தான் படுக்க வைத்திருந்தார்கள். ஆனாலும் பாண்டிச்செல்வியின் வலது கை பேசிக்கொண்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கேன் சென்டரில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கருத்தையா அதைப் பார்த்தான். இருபது வருஷம் ராஜபாளையம் பஞ்சு மில்லில், காது கிழியும் இரைச்சலுக்கு நடுவே விரலாலேயே பேசிக் குடும்பம் நடத்திய புருஷன் பெண்டாட்டி அவர்கள். மூன்று மாதமாக அவளுக்கு வலிப்பு. மூளையில் எங்கே வீக்கம் என்று மாசாமாசம் படம் பிடித்து ஆராய்ச்சி பண்ணுகிறோம், இலவசம்தான் என்று அழைத்த பெரிய டாக்டர்கள், வினோத் என்ற பொடியனை மெஷினுக்குக் காவல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"தம்பி, அவ கையை ஆட்டுதா, பாரு."

"ரெண்டு கையையும் வார் போட்டுக் கட்டித்தான் உள்ள விட்டேன்."

"எம் பொண்டாட்டி கை எனக்குத் தெரியாதாலே? படிச்ச முண்டம்."

"பஞ்சு தின்னு தின்னு உமக்கும் ஒரு படம் எடுக்கணும் போலிருக்கு" என்று வினோத் சிரித்தான்.

ஸ்பிரிட் வாடையும் ஏசிக் குளிரும் மூக்கில் ஏற, மெஷின் தட்டியது, அறைந்தது, பழைய தறிபோல ஒரே தாளத்தில் கடகடத்தது; அந்தத் தாளத்துக்குள்ளே, குழாயின் வாயோரம், நிழலாகத் தெரிந்த விரல்கள் மடங்கின, விரிந்தன.

மெஷினை நிறுத்து.

என் இடத்துல வேற ஆள் நிக்கா.

நிறுத்து.

"நிறுத்துலே!"

"இன்னும் நாலு நிமிஷம். நடுவுல நிறுத்துனா ஆராய்ச்சிக்கு ஆகாது."

ஓடுகிற மெஷினை மேஸ்திரி சொல்லாமல் தொட்டுப் பழக்கமில்லை கருத்தையாவுக்கு. அந்த வெட்கங்கெட்ட பழக்கம் இங்கேயும் வந்து நின்றது. பொடியனுக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

நாலு நிமிஷம்.

சத்தம் நின்றது. படுக்கை வெளியே வந்தது. இரண்டு கையும் வாருக்குள். வினோத் போய் அவிழ்த்துவிட, அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"வீக்கம் போன மாசத்தவிடக் கொறஞ்சிருக்கு. சந்தோசமாக் கூட்டிட்டுப் போங்க" என்றான் வினோத்.

கருத்தையா விரலைக் காட்டிக் கேட்டான். நீதானா?

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "என்ன கைய ஆட்டுதிய, ஊமையன் கணக்கா?"

அவளுக்குப் பின்னால் குழாய் காலி. விளக்கு அணைந்திருந்தது.

உள்ளிருந்து ஒரு கை வந்தது.

இல்லாத மீசையை முறுக்கியது. மில்லில் பாண்டிச்செல்வி மட்டும் அவனைக் கூப்பிடுகிற விதம் அது.

மறுபடியும் முறுக்கியது.

மறுபடியும்.